நான் எழுதிய ஒற்றை வரி

கோர்ட் டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். முதல் தடவையே எனக்குக் கேட்டுவிட்டது. மூன்றாவது தடவைதான் எழுந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முற்பகல் வெயில் தரையில் பாதி தூரம் வந்திருந்தது. எங்கோ அருகில் பால்கோவாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சும் வாசனையும் விறகுப் புகையும் கலந்து வந்தன. மற்ற நாளில் அந்த வாசனைக்கு எனக்குப் பசி எடுக்கும். அன்று எடுக்கவில்லை.

பக்கத்தில் அத்தா, என் அப்பா. நான் கூப்பிடாமலேயே இரும்புக் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருந்தார்.  மூன்றாம் முறை பெயர் கேட்டதும் கையை நீட்டினார்.

"பையைக் குடுத்துட்டுப் போ. நான் வச்சுக்கிடுதேன்."

கைப்பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். எதிரே குற்றவாளிக் கூண்டில் வேலுச்சாமி நின்றார். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலையின் பஞ்சுக் குடோனுக்குத் தீ வைத்ததாக அவர்மேல் வழக்கு. அவருக்கு எதிராகச் சேர்த்த காகிதங்களில் ஒன்று என் கையெழுத்தில் இருந்தது. அதில் ஒரே ஒரு வரிதான்.

அந்த வரியைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூளைப் படிப்பு

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுத் தேவதானத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரும்புக் கடைக்காரர் மகள், அதுவும் அந்தக் காலத்தில், மனோதத்துவம் படிக்கப் போனது எப்படி? பெரிய லட்சியம் இருந்திருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு கட்டியும் இருக்கிறார்.

லட்சியமெல்லாம் இல்லை. மதுரைக் கல்லூரியில் கணிதத்துக்கு மனுப் போட்டேன். இடம் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது இதுதான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்த பிறகுதான் அது என்ன படிப்பு என்று விசாரித்தேன்.

அத்தாவுக்குக் கடைசிவரை அது பிடிபடவில்லை. கீல், தாழ்ப்பாள், ஆணி வாங்க வருகிறவர்களிடம், "மக மூளை சம்பந்தமா படிக்கா" என்று சொல்லிவைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு ஒருவர் தன் ஒற்றைத் தலைவலிக்கு மருந்து கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் ஒரு சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். வலி விட்டுவிட்டதாக அடுத்த நாள் வந்து சொன்னார்.

படிப்பு பிடித்துப்போனது. சென்னையில் மேற்படிப்பும் முடித்தேன். பிறகு இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் ராஜபாளையத்தில் அந்த மில் ஆள் எடுப்பதற்குப் புது முறை கொண்டுவரப்போவதாகவும், என் படிப்புப் படித்த ஒருவர் வேண்டுமென்றும் தெரிந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்டம்மா

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் வழியெல்லாம் மலை கூடவே வரும். ஊருக்குள் நுழையும்போது ஏதாவது ஒரு மில்லின் சங்கு ஊதும். இறங்கி நடந்தால் தலையில் பஞ்சுத் துகளோடு ஷிப்ட் முடித்தவர்கள் எதிரே வருவார்கள். அவர்களுக்கு நான் டெஸ்ட்டம்மா.

வேலை கேட்டு வருகிறவர்களுக்கு நான் மூன்று சோதனை வைப்பேன். ஓட்டை போட்ட பலகையில் சின்ன மர ஆணிகளைச் செருக வேண்டும். அறுந்த நூலை முடிச்சுத் தெரியாமல் இணைக்க வேண்டும். கடைசியாக ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து மரம் ஒன்று வரையச் சொல்வேன்.

முதல் இரண்டும் விரலுக்கு. மூன்றாவது மனசுக்கு. ஒருவர் வரையும் மரத்தில் அவருக்கு உள்ளே இருப்பது தெரியும் என்று எங்கள் பாடத்தில் உண்டு. வேர் எப்படி, கிளை எப்படி, இலை உண்டா என்று பார்த்து நான் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதித் தர வேண்டும். மேலாளருக்கு இரண்டாவது வரி படிக்க நேரம் கிடையாது.

நான் அந்த வேலையை ரசித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. என்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள் என் எதிரே கைகட்டி நின்றார்கள். ஒரு மனிதரை ஆறு நிமிடத்தில் தெரிந்துகொண்டுவிடலாம் என்று இருபத்து நான்கு வயதில் நான் மனதார நம்பினேன்.

வேலுச்சாமிக்கு அப்போது இருபது வயதிருக்கும். விரல் படுவேகம். ஆனால் அவர் வரைந்த மரத்தில் இலையே இல்லை. மொட்டைக் கிளைகள், அதுவும் பாதியில் நின்றன. "அடக்கி வைத்த கோபம் மிகுதி, கண்காணிப்பில் வைக்கலாம்" என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஆள் தேவைப்பட்டதால் அவரை எடுத்துக்கொண்டார்கள். தாள் கோப்புக்குள் போனது. நானும் மறந்துபோனேன்.

குடோன் எரிந்த பிறகு

நான்கு வருடம் கழித்து வேலைநிறுத்தம் வந்தது. எட்டுப் பேரை வேலையை விட்டு நீக்கியதற்காக ஆரம்பித்து மூன்றாவது வாரமாக மில் நின்றது. மில் வாசலில் நடந்த வாயில் கூட்டத்தில் தினமும் பேசியவர்களில் வேலுச்சாமியும் ஒருவர். நான் உள்ளே மாடி ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறேன். நன்றாகப் பேசுவார்.

ஒரு சாயங்காலம் பஞ்சுக் குடோன் பற்றிக்கொண்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சுத் தீ சட்டென்று அணையாது. மேலே தண்ணீரை அடித்தாலும் பொதிக்குள் கனன்றுகொண்டே இருக்கும். இரண்டு நாள் ஊரெல்லாம் கருகல் வாடை. வேலுச்சாமியைக் குடோன் சுவர் பக்கம் பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னார். அவரைக் கைது செய்தார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தப் பழைய தாள் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறீர்களே என்று பாராட்டினார். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. மொட்டை மரத்தைப் பார்த்தே சொன்னேனே என்று நினைத்தேன். கோர்ட்டில் வந்து, எழுதியது நான்தான் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். சரி என்றேன்.

அந்தப் பெருமை இரண்டே நாள்தான் நிலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். எங்கள் மில்லிலேயே நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிற பாண்டியம்மாள். தொழிற்சங்கத்தில் பெண்களுக்குப் பொறுப்பாளர். வேலுச்சாமிக்கு அக்கா. அழுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்து நான் மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். அவர் செய்தது வேறு.

"தம்பி படத்துல நீங்க என்னத்தப் பாத்தீய? அதை எனக்கும் செத்த காட்டுங்க" என்றார். "எங்கம்மா போனப்ப அவனுக்கு ரெண்டு வயசு. நான் இடுப்புல வச்சு வளத்த பய. எனக்குத் தெரியாத ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, அது என்னன்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்கிடத்தான் வந்தேன்."

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இலை இல்லாத மரத்துக்கு அதில் ஒரு பக்கம் நிறையக் காரணங்கள் இருந்தன. துக்கம், களைப்பு, அவசரம், கூச்சம். கோபம் அதில் ஒன்று. ஏன் நான் அதை மட்டும் எடுத்தேன்? எனக்கே தெரியவில்லை. வேலுச்சாமியின் முகம் அன்று கொஞ்சம் கறாராக இருந்திருக்கலாம். அல்லது நான் அதற்கு முன் எழுதிய ஆளுக்கும் அதையே எழுதியிருக்கலாம்.

பாண்டியம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சரி, யோசிச்சுச் சொல்லுங்க, வாரேன்" என்று போய்விட்டார்.

அத்தாவிடம் சொன்னேன். மில்லுக்கு வேண்டிய போல்ட், கம்பி, பூட்டு எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. நான் மாற்றிச் சொன்னால் அது நிற்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.  அத்தா ஆணி மடிக்கும் பழைய பேப்பரைக் கிழித்து அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"நீ எழுதுனது சரியா, தப்பாம்மா?"

"தெரியல அத்தா."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு வா. அதுல என்ன கூச்சம்?"

எனக்கு அதில்தான் கூச்சம். அத்தனை வருடம் படித்ததே தெரியும் என்று சொல்வதற்காகத்தானே.

கூண்டில்

இப்போது நீதிமன்றத்துக்குத் திரும்புவோம்.

அரசு வழக்கறிஞர் தாளைக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதானா என்றார். ஆமாம் என்றேன். இந்தக் குறிப்பை எழுதியது நீங்கள்தானா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். மேலாளர் சொன்னபடியே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். வயதானவர், தொடர்ந்து இருமிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட காகிதத்தை ஏற்கவே கூடாது என்று முதலில் ஆட்சேபித்தார். கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றார் நீதிபதி. அப்புறம் வழக்கறிஞர் என் பக்கம் திரும்பி, அந்த வரியை எழுத எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார்.

மரத்துக்கு ஒருவருக்கு ஆறு நிமிடம், அதில் நாலு நிமிடம் அவர் வரைவதற்கு என்றேன். அன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்றார். அறுபது பேருக்கு மேல் இருக்கும் என்றேன். அவர்களில் எத்தனை பேருக்குக் கோபம் என்று எழுதினீர்கள் என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்து, பாதிப் பேருக்காவது அப்படி ஏதாவது எழுதியிருப்பேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். 

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த வரி சரிதான் என்று இன்றைக்குச் சொல்வீர்களா என்று அவரே கேட்டார்.

"இல்லைங்கய்யா" என்றேன். "அவரைப் பத்தி எனக்கு அன்னைக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். தப்பு என்னோடது."

அரசு வழக்கறிஞர் சட்டென்று எழுந்தார். சங்கத்து ஆட்கள் யாராவது வந்து மிரட்டினார்களா என்று கேட்டார். யாரும் மிரட்டவில்லை, இவருடைய அக்கா வந்து ஒரு கேள்வி கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று சொன்னேன். அது என்ன கேள்வி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இறங்கி வெளியே வந்தேன்.  அத்தா பையைக் கொடுத்துவிட்டு, "வா, டீ குடிப்போம்" என்றார். எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்தேன். மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருந்த வாயில், அன்றைக்கு இனிப்பு தெரிந்தது.

வேலையும் பேரும் போய்விடும் என்று தெரியும். ஆனாலும் எப்படிப்பட்ட நிம்மதி என்கிறீர்கள். வீட்டுக்குப் போய்ப் பட்டப்பகலில் படுத்து, மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை தூங்கினேன்.

தீர்ப்பு நாள்

என் சாட்சியால்தான் வேலுச்சாமி விடுதலையானார் என்று சில மேடைகளில் பேசியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. வாட்ச்மேன் குறுக்கு விசாரணையில், தான் பார்த்தது ஓர் ஆளின் முதுகை மட்டுமே என்று ஒத்துக்கொண்டார். பஞ்சுப் பொதியின் இரும்புப் பட்டையை வெட்டும்போது பொறி பறந்தாலே தீப்பிடிக்கும் என்று இன்னொரு சாட்சி சொன்னார். என் தாளைப் பற்றித் தீர்ப்பில் ஒரே ஒரு வாக்கியம், அதை எந்த வகையிலும் கணக்கில் எடுக்க இயலாது என்று.

அந்த வாக்கியம் போதும் எனக்கு.

தீர்ப்பு நாளில் நீதிமன்ற வாசல் வேப்பமரத்தடியில் வேலுச்சாமி நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்திருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று அவருக்கு அதுவரை புரியவில்லை. அந்த மரத்தைச் சொன்னேன். இலையே போடவில்லையே, அதைப் பார்த்துத்தான் அப்படி எழுதினேன் என்றேன்.

"அதுவா மேடம்" என்றார். "நீங்க குடுத்த பென்சில் பாதியில முனை ஒடிஞ்சுபோச்சு. வேற கேட்டா எங்க வேலை குடுக்காமப் போயிருவியளோன்னு பயந்து அப்படியே குடுத்துட்டேன்."

பாண்டியம்மாள்தான் முதலில் சிரித்தார். கையை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் வேலுச்சாமியும் சேர்ந்து சிரித்தார்.

நீதிமன்றத்துக்குப் போகிற வக்கீல்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சிவப்புக் கொடிக்கு வந்த வழி

மில்லில் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. ஸ்டோர் ரூமுக்கு மாற்றி ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு நானே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அத்தா கடைக்கு மில் ஆர்டர் நின்றது. அவர் மகாராஜபுரம் பக்கம் கிணற்று மோட்டார் வைக்கிறவர்களைத் தேடிப் போய்ச் சாமான் கொடுக்க ஆரம்பித்தார்.

சும்மா இருந்த என்னைப் பாண்டியம்மாள்தான் சங்க அறைக்குக் கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வைண்டிங் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதற்காக. பாடம் பத்து நிமிடம் நடக்கும். மிச்ச நேரமெல்லாம் அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். கல்லூரியில் யாரும் சொல்லித்தராத பாடத்தை அங்கேதான் படித்தேன். கேட்டதை மனுவாக எழுத ஆரம்பித்தேன். மனு எழுதியவள் நோட்டீஸ் எழுதினேன். பிறகு வாயில் கூட்டத்தில் பேசினேன். ஒரு வருடத்தில் கட்சி அட்டையும் வந்துவிட்டது.

தோழர்களில் சிலருக்கு என்மேல் நம்பிக்கை வர நாளாயிற்று. மாடி ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்தவள்தானே என்று ஒருவர் நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். சொந்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அத்தாவிடம், படிக்க வைத்த பிள்ளையைக் கொடி பிடிக்க விட்டுவிட்டீர்களே என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவ கோர்ட்டுலயே நின்னவ, தெருவுல நிக்க மாட்டாளா என்று சொல்லிவிட்டு அத்தா பிரியாணிக்கு உட்கார்ந்துவிட்டாராம். அம்மா வந்து சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் பெண்களுக்கு இட ஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வார்டுக்கு என்னை நிறுத்தினார்கள். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர், எங்கள் வார்டில் ஓட்டு இருந்த பாண்டியம்மாளின் தங்கை. சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தேன். அன்று கழுத்தில் மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள், தொண்டை கட்டிக்கொண்டது. அவை எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது அடுத்த வாரம் நடந்தது.

முதல் மனு

காலையில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். குடிதண்ணீர், வாறுகால் அடைப்பு, தெருவிளக்கு. ஒவ்வொன்றாக எழுதி வாங்கினேன். எல்லோரும் போன பிறகும் ஓர் அம்மா மட்டும் நின்றார். கையில் மனு இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்காரவுக ஒன்றரை மாசமா யார்ட்டயும் பேச மாட்டேங்காவ. இதுக்கு முன்சிபாலிட்டில எங்க எழுதிக் குடுக்கணும்?"

கணவர் ராஜபாளையத்தில் வேறொரு மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிவிட்டது. அன்றிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

அந்த மில் தொழிலாளர்களுக்காக நாங்கள் ஏற்கெனவே மறியலில் இறங்கியிருந்தோம். ஒன்பது மாதம் கழித்து அது திறந்தது. ஆனால் அன்று காலை அது எனக்குத் தெரியாது. நான் அந்த அம்மாவோடு நடந்து போனேன்.

ஒற்றை அறை, பின்னால் தடுப்புப் போட்ட அடுக்களை. மூலையில் அவர். நான் அவருக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தே, தரையில் உட்கார்ந்தேன். நானும் மில்லில் வேலை பார்த்தவள் என்றேன். சங்கு சத்தம், காதடைப்பு, தலைமுடியில் பஞ்சு என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானும் பேச்சை நிறுத்திவிட்டேன். வெளியே யாரோ குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.  சும்மா இருக்க முடியாமல், நீங்கள் பஞ்சு சீவுகிற கார்டிங் பிரிவில் வேலை பார்த்ததாக உங்கள் வீட்டில் சொன்னார்கள் என்றேன்.

அவர் தலை திரும்பியது.

"கார்டிங் இல்ல" என்றார். குரல் கரகரத்தது. "ரிங் ஃப்ரேம். பதினோரு வருசமும் ரிங் ஃப்ரேம்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்புறம் அவர் நூல் நூற்கும் அந்த ரிங் ஃப்ரேம் இயந்திரத்தைப் பற்றி எனக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. நூல் அறுந்தால் விரலை எப்படி வைக்க வேண்டும் என்று காற்றில் காட்டினார். நடுவில் நிறுத்தி என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

இந்த வார்டு மெம்பர் என்றேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, வந்தவுகளுக்கு டீ போடு."

 உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு டீக்கு அவ்வளவு அடிக்க வேண்டியதில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் புருஷன் குரலைக் கேட்ட அந்த அம்மா அடித்துக்கொண்டே இருந்தார்.